கிளாஸுக்குள் கிளாஸ்: ரிஃப்ளெக்ஷன் கேள்வி–பதில்

ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன் கிளாஸ்களைத் தானே புரட்டிப் பார்ப்பதுதான் ரிஃப்ளெக்ஷன். இந்த இதழுக்கு வந்த கேள்விகள் ஒரு கிளாஸுக்குள் எழுதப்பட்ட இன்னொரு கிளாஸையே சுற்றி வருகின்றன. எடுத்துக்காட்டுகளில் வெளி கிளாஸின் பெயர் ‘கிடங்கு’. அதற்குள் பப்ளிக்காக ‘அறை’, பிரைவேட்டாக ‘பூட்டு’. இவை இருக்கும் நேம்ஸ்பேஸின் (ஜாவாவில் பேக்கேஜின்) பெயர் ‘பண்டகம்’. ஜாவா, சி ஷார்ப், பைத்தான் மூன்றும் தமிழ் எழுத்தில் பெயர் வைக்க விடுகின்றன, எனவே இவற்றை அப்படியே தட்டிப் பார்க்கலாம். ஜேடிகே 18-க்கு முந்தைய ஜாவா கம்பைலர் என்றால் கோப்பு யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருப்பதைத் தனியே சொல்ல வேண்டிவரலாம்.

கேள்வி: சி ஷார்ப்பில் டைப்.கெட்டைப் மெத்தடுக்கு ‘பண்டகம்.கிடங்கு.அறை’ என்று கொடுத்தால் நல் (null, ‘எதுவும் இல்லை’) வருகிறது. கிளாஸ் இருக்கிறது, பெயரிலும் எழுத்துப்பிழை இல்லை. ஏன்?

பதில்: நடுவில் இருக்கும் புள்ளிதான் காரணம். ‘பண்டகம்.கிடங்கு+அறை’ என்று கொடுங்கள், கிடைத்துவிடும்.

மூல நிரலில் அறை கிடங்குக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் தெரிந்தாலும், கம்பைல் ஆன பிறகு அது தனி டைப். கிடங்குக்கு ஒரு பதிவு, அறைக்கு ஒரு பதிவு, ‘இது அதற்குள் அறிவிக்கப்பட்டது’ என்று ஒரு சின்ன இணைப்புக் குறிப்பு. சி ஷார்ப் நிரல் ஓடும் டாட்நெட்டில் இந்த இணைப்பு பெயரில் கூட்டல் குறியாகத் தெரியும், ஜாவாவில் டாலர் குறியாகத் தெரியும். இந்தப் பக்கத்தில் வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன: நீங்கள் எழுதும் பெயர் வேறு, இயக்கச் சூழல் வைத்திருக்கும் பெயர் வேறு.

கிடங்குக்குள் அறை, அறைக்குள் அலமாரி என்றால் ‘பண்டகம்.கிடங்கு+அறை+அலமாரி’. புள்ளி நேம்ஸ்பேஸ் வரைக்கும் மட்டும்தான், அதற்குப் பிறகு எல்லாமே கூட்டல். ஃபுல்நேம் இந்த முழு வடிவத்தைத் தரும். நேம் வெறும் ‘அறை’ என்று மட்டுமே சொல்லும், எனவே இரண்டு வெளி கிளாஸ்களிலும் ‘அறை’ இருந்தால் நேமை டிக்ஷனரியின் சாவியாக வைக்காதீர்கள்.

கூட்டல் போட்டும் நல் வந்தால் அடுத்து அசெம்பிளியை, அதாவது கம்பைல் ஆன நூலகக் கோப்பைப் பாருங்கள். அசெம்பிளி பெயர் இல்லாமல் கேட்டால் கெட்டைப் இரண்டே இடங்களில்தான் தேடும்: அழைக்கும் நிரல் இருக்கும் அசெம்பிளி, டாட்நெட்டின் அடிப்படை நூலகம். கிளாஸ் வேறு நூலகத்தில் இருந்தால் பெயருக்குப் பின் கமா போட்டு அசெம்பிளி பெயரையும் சேருங்கள். பிழை தேடும்போது இரண்டாவது ஆர்குமென்ட்டாக ட்ரூ கொடுப்பது நல்லது. நல்லை வாங்கிக்கொண்டு பத்து வரி தள்ளி விழுவதைவிட, அந்த இடத்திலேயே காரணத்தோடு எக்ஸெப்ஷன் வருவது மேல்.

ஜாவாவிலும் கதை இதேதான். கிளாஸ்.ஃபார்நேம் கேட்பது ‘பண்டகம்.கிடங்கு$அறை’. புள்ளி போட்ட பெயரைத் தருவது கெட்கனானிகல்நேம், அது மனிதர் படிப்பதற்கு. அதை எடுத்து ஃபார்நேமுக்குத் திருப்பிக் கொடுத்தால் கிளாஸ்நாட்ஃபவுண்ட்எக்ஸெப்ஷன் வரும். ஷெல்லில் உள் கிளாஸின் பெயரைத் தட்டி ஓட்டும்போது ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் டாலருக்குப் பின்னால் இருப்பதை ஷெல் தன் மாறி என்று எடுத்துக்கொண்டு விழுங்கிவிடக்கூடும்.

கேள்வி: அப்படியானால் பெயரை டாலர் குறியில் வெட்டினால் வெளி கிளாஸ் கிடைத்துவிடுமே?

பதில்: வெட்டாதீர்கள். ஜாவாவில் டாலர் குறியைப் பெயருக்குள் எழுத அனுமதி உண்டு, எனவே எந்தக் கிளாஸுக்குள்ளும் இல்லாத ஒரு கிளாஸின் பெயரிலும் டாலர் இருக்கலாம். கெட்டிக்ளேரிங்கிளாஸ் என்று கேளுங்கள். டாட்நெட்டில் அதே வேலைக்கு டிக்ளேரிங்டைப் இருக்கிறது.

கேள்வி: சி ஷார்ப்பில் கெட்நெஸ்டட்டைப்ஸ் அழைத்தால் அறை மட்டும் வருகிறது, பூட்டு வரவில்லை. கிடங்கின் அடிப்படை கிளாஸில் இருக்கும் உள் கிளாஸும் வரவில்லை. இஸ்பப்ளிக் என்று கேட்டால் அறைக்கே ஃபால்ஸ் என்கிறது!

பதில்: மூன்றும் தனித்தனி விஷயங்கள்.

ஆர்குமென்ட் இல்லாத கெட்நெஸ்டட்டைப்ஸ் பப்ளிக் டைப்களை மட்டும்தான் தரும். பூட்டும் வேண்டுமென்றால் பைண்டிங்ஃபிளாக்ஸில் பப்ளிக், நான்பப்ளிக் இரண்டையும் ‘அல்லது’ குறியால் சேர்த்துக் கொடுங்கள். மெத்தட்களைத் தேடிய பழக்கத்தில் இன்ஸ்டன்ஸ், ஸ்டாட்டிக் என்று எழுதுகிறவர்கள் உண்டு. உள் டைப்களுக்கு அவை எதையும் மாற்றாது. இவற்றை மட்டும் கொடுத்துவிட்டு பப்ளிக், நான்பப்ளிக் இரண்டையும் விட்டுவிட்டால் காலியான வரிசைதான் வரும், பிழைச் செய்தி எதுவும் வராது.

அடிப்படை கிளாஸின் உள் டைப்கள் எந்த ஃபிளாக் கொடுத்தாலும் வராது. ஃபிளாட்டன்ஹையரார்கியும் உதவாது. பேஸ்டைப் வழியாக நல் வரும்வரை மேலே ஏறி, ஒவ்வொரு படியிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அதேபோல் இந்த மெத்தட் ஒரு படி கீழேதான் இறங்கும். அறைக்குள் இருக்கும் அலமாரியைப் பிடிக்க, கிடைத்த ஒவ்வொரு டைப்பையும் வரிசையில் போட்டு மறுபடி மறுபடி கேளுங்கள். முழு அசெம்பிளியும் வேண்டுமென்றால் அசெம்பிளியின் கெட்டைப்ஸ் எல்லா ஆழத்து டைப்களையும் ஒரே வரிசையில் தந்துவிடும், இஸ்நெஸ்டட் வைத்து வடிகட்டிக்கொள்ளலாம். சார்ந்த நூலகம் ஏதாவது கிடைக்காமல் போனால் அந்த அழைப்பு ரிஃப்ளெக்ஷன்டைப்லோட்எக்ஸெப்ஷனாக விழும். அதற்குள் இருக்கும் டைப்ஸ் வரிசையில் ஏற்ற முடிந்தவை இருக்கும், முடியாதவற்றின் இடத்தில் நல் இருக்கும்.

இஸ்பப்ளிக் பற்றி: அது ‘பப்ளிக்காக அறிவிக்கப்பட்டது, எதற்குள்ளும் இல்லாதது’ என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்கும் கேள்வி. உள் டைப்புக்கு எப்போதும் ஃபால்ஸ்தான். நீங்கள் கேட்க வேண்டியது இஸ்நெஸ்டட்பப்ளிக். வெளியிலிருந்து உண்மையில் எட்ட முடியுமா என்பதுதான் கேள்வி என்றால் இஸ்விசிபிள். ஓர் இன்டர்னல் கிளாஸுக்குள் இருக்கும் பப்ளிக் கிளாஸுக்கு முன்னது ட்ரூ, பின்னது ஃபால்ஸ். பெயர் வைத்தவர்கள் இதை இன்னும் தெளிவாக வைத்திருக்கலாம்.

கேள்வி: நான்பப்ளிக் சேர்த்ததும் நான் எழுதவே இல்லாத உள் கிளாஸ்கள் கூர் அடைப்புக்குறியோடு வருகின்றன. என்ன இவை?

பதில்: கம்பைலர் எழுதியவை. வெளி மாறிகளைப் பிடித்துவைக்கும் லாம்டாவுக்கு (பெயரில்லாத ஃபங்ஷனுக்கு) பெயரில் ‘டிஸ்ப்ளேகிளாஸ்’ என்று வரும் ஒன்று, எதையும் பிடிக்காத லாம்டாக்களுக்கெல்லாம் சேர்த்து ஒன்று, யீல்டோ அசிங்கோ உள்ள ஒவ்வொரு மெத்தடுக்கும் ஒரு நிலைப்பொறி. கூர் அடைப்புக்குறியை நீங்கள் பெயரில் எழுத முடியாது என்பதால் கம்பைலர் அதையே தேர்ந்தெடுத்தது, உங்கள் பெயரோடு மோதாது.

கம்பைலர்ஜெனரேட்டட் என்ற அட்ரிபியூட் இருக்கிறதா என்று பார்த்து விலக்குங்கள். டைப்பில் மட்டும் பார்த்தால் போதாது, டிக்ளேரிங்டைப் வழியாக மேலே இருப்பவற்றிலும் பாருங்கள். இந்தக் கிளாஸ்களின் எண்ணிக்கையையோ பெயரையோ நம்பி சோதனை எழுதாதீர்கள். அசிங்க் நிலைப்பொறி டீபக் பில்டில் கிளாஸாகவும் ரிலீஸ் பில்டில் ஸ்ட்ரக்டாகவும் வரும். ஒரு பில்டில் பச்சை காட்டிய சோதனை மற்றதில் சிவப்பாகும்.

கேள்வி: ஜாவாவில் உள் கிளாஸுக்கு ஆர்குமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் எழுதியிருக்கிறேன். கெட்டிக்ளேர்ட்கன்ஸ்ட்ரக்டர் அழைத்தால் நோசச்மெத்தட்எக்ஸெப்ஷன் வருகிறது. எழுதிய கன்ஸ்ட்ரக்டர் எங்கே போனது?

பதில்: அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் அதற்கு ஓர் ஆர்குமென்ட் கூடியிருக்கிறது. ஸ்டாட்டிக் என்று எழுதாத உள் கிளாஸின் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் ஒரு வெளி ஆப்ஜெக்ட்டைச் சேர்ந்தது. அதை உள்ளே கொண்டுவர கம்பைலர் கன்ஸ்ட்ரக்டரின் முதல் இடத்தில் வெளி கிளாஸை நுழைக்கிறது. செய்ய வேண்டியது இவ்வளவு: கெட்டிக்ளேர்ட்கன்ஸ்ட்ரக்டருக்குக் ‘கிடங்கு.கிளாஸ்’ கொடுங்கள், கிடைத்ததில் நியூஇன்ஸ்டன்ஸ் அழைத்து ஒரு கிடங்கு ஆப்ஜெக்ட்டைக் கொடுங்கள். கன்ஸ்ட்ரக்டர் பிரைவேட் என்றால் நடுவில் செட்அக்சசிபிள் ட்ரூ. அறைக்குள் அலமாரி என்றால் முதலில் கிடங்கு, அதைக் கொண்டு அறை, அந்த அறையைக் கொண்டு அலமாரி. நேராக அலமாரிக்குத் தாவ வழியில்லை.

உங்கள் கன்ஸ்ட்ரக்டருக்கே இரண்டு ஆர்குமென்ட் இருந்தால் கெட்பாராமீட்டர்டைப்ஸ் மூன்று என்று சொல்லும். ஆனால் ஜெனரிக் வகையைச் சேர்த்துச் சொல்லும் கெட்ஜெனரிக்பாராமீட்டர்டைப்ஸ் சில சமயம் இரண்டே சொல்லும், ஏனென்றால் அது வேறொரு பதிவிலிருந்து படிக்கிறது, அந்தப் பதிவில் கம்பைலர் நுழைத்த ஆர்குமென்ட் இருக்காது. இரண்டு வரிசைகளையும் ஒரே எண் கொண்டு இணைத்துப் படிக்கும் நிரல் இங்கே ஓரிடம் தள்ளிப்போய்விடும். பிழை உடனே தெரியாது, தவறான டைப் தவறான ஆர்குமென்ட்டோடு ஒட்டிக்கொண்டு பின்னால் வெடிக்கும். நீளம் ஒன்றா என்று முதலில் பாருங்கள்.

வெளி ஆப்ஜெக்ட் தேவையா இல்லையா என்பதை முன்கூட்டியே அறிய, மாடிஃபையர்.இஸ்ஸ்டாட்டிக் மெத்தடுக்குக் கிளாஸின் கெட்மாடிஃபையர்ஸைக் கொடுங்கள். உள்ளே எழுதிய இன்டர்ஃபேஸ், ஈனம், ரெக்கார்டு மூன்றும் நீங்கள் எழுதாவிட்டாலும் ஸ்டாட்டிக்தான். மெத்தடுக்குள் எழுதிய லோக்கல் கிளாஸில் இந்தச் சோதனை கைவிடும்: ஸ்டாட்டிக் மெத்தடுக்குள் இருந்தால் வெளி ஆப்ஜெக்ட் இருக்காது, அதே சமயம் அது பிடித்துவைத்த மெத்தட் மாறிகள் கூடுதல் ஆர்குமென்ட்டாக ஒட்டியிருக்கும். லோக்கல் கிளாஸை ரிஃப்ளெக்ஷன் கொண்டு உருவாக்க முயலவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

உள் ஆப்ஜெக்ட்டிலிருந்து வெளி ஆப்ஜெக்ட்டை எடுக்க ‘திஸ்$0’ என்ற மறைவான ஃபீல்டைப் படிக்கும் நிரல்கள் உண்டு. ஜேடிகே 18 முதல், உள் கிளாஸ் வெளி ஆப்ஜெக்ட்டைப் பயன்படுத்தாவிட்டால் ஜாவா கம்பைலர் அந்த ஃபீல்டையே விட்டுவிடுகிறது. கன்ஸ்ட்ரக்டரின் ஆர்குமென்ட் மட்டும் அப்படியே நிற்கும். ஃபீல்டை நம்பியவர்களுக்கு நோசச்ஃபீல்ட்எக்ஸெப்ஷன் காத்திருக்கிறது.

ஜேசனிலிருந்து ஆப்ஜெக்ட் உருவாக்கும் நூலகங்கள் உள் கிளாஸில் தடுமாறுவதும் இந்தக் கூடுதல் ஆர்குமென்ட்டால்தான். வெளி ஆப்ஜெக்ட் தேவைப்படாத கிளாஸுக்கு ஸ்டாட்டிக் என்று ஒரு சொல் சேர்த்தால் தீரும்.

கேள்வி: ஜாவாவில் கெட்கிளாசஸ், கெட்டிக்ளேர்ட்கிளாசஸ் இரண்டில் எதைப் பயன்படுத்துவது? இரண்டிலுமே பெயரிடாமல் எழுதிய என் அனானிமஸ் கிளாஸ் வரவில்லை.

பதில்: கெட்டிக்ளேர்ட்கிளாசஸ் அந்தக் கிளாஸிலேயே எழுதியவை அனைத்தையும் தரும், பிரைவேட்டும் சேர்த்து, ஆனால் மேலிருந்து வந்தவை இல்லை. கெட்கிளாசஸ் பப்ளிக்கை மட்டும் தரும், மேல் கிளாஸ்களிலிருந்து வந்தவையும் சேர்த்து. ஹேஷ்மேப்பில் கெட்கிளாசஸ் அழைத்துப் பாருங்கள். அதில் எழுதியிராத சிம்பிள்என்ட்ரி, சிம்பிள்இம்யூட்டபிள்என்ட்ரி இரண்டும் வரும். அவை மேலே இருக்கும் அப்ஸ்ட்ராக்ட்மேப்பினுடையவை. மேப் இன்டர்ஃபேஸில் இருக்கும் என்ட்ரி வராது, ஏனென்றால் தேடல் மேல் கிளாஸ்கள் வழியாக மட்டுமே ஏறுகிறது. கூடவே ஹேஷ்மேப்பின் சொந்த உள் கிளாஸான நோடும் வராது, அது பப்ளிக் இல்லை.

அனானிமஸ் கிளாஸும் லோக்கல் கிளாஸும் எந்தக் கிளாஸின் உறுப்பும் அல்ல, அதனால் இரண்டு பட்டியலிலும் அவற்றுக்கு இடமில்லை. ஜாவா 11 முதல் கெட்நெஸ்ட்மெம்பர்ஸ் இருக்கிறது. ஒரு வெளி கிளாஸின் கூட்டில் உள்ள எல்லாவற்றையும், எந்த ஆழத்தில் இருந்தாலும், அனானிமஸும் லோக்கலும் சேர்த்துத் தரும். வரிசையின் முதல் இடத்தில் வெளி கிளாஸே இருக்கும், எண்ணும்போது கழித்துக்கொள்ளுங்கள். லாம்டா இதில் வராது. அதற்குத் தனி கிளாஸ் கோப்பே இல்லை, ஓடும்போதுதான் உருவாகிறது.

மேல்நோக்கிக் கேட்கும்போதும் இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். அனானிமஸ், லோக்கல் கிளாஸ்களுக்குக் கெட்டிக்ளேரிங்கிளாஸ் நல் தரும். கெட்என்க்ளோசிங்கிளாஸ் எல்லாவற்றுக்கும் விடை தரும், எந்த மெத்தடுக்குள் இருக்கிறது என்று கெட்என்க்ளோசிங்மெத்தட் சொல்லும். அனானிமஸ் கிளாஸின் கெட்சிம்பிள்நேம் காலிச் சரம், கெட்கனானிகல்நேம் நல். பதிவேட்டில் எழுதவென்றால் கெட்நேம் ஒன்றுதான் எப்போதும் கைகொடுக்கும்.

கேள்வி: பழைய ஜார் கோப்பு ஒன்றில் பூட்டுக்கு இரண்டு கன்ஸ்ட்ரக்டர் தெரிகிறது. நிரலில் ஒன்றுதான் இருக்கிறது.

பதில்: அது ஜாவா 11-க்கு முந்தைய வடிவத்துக்குக் கம்பைல் ஆனது. அப்போது ஜேவிஎம்முக்கு (ஜாவா நிரலை ஓட்டும் இயக்கச் சூழலுக்கு) வெளி, உள் என்ற உறவு தெரியாது. பிரைவேட் கன்ஸ்ட்ரக்டரை வெளி கிளாஸ் அழைக்க வேண்டும் என்றால், கம்பைலர் ஒரு பொய் ஆர்குமென்ட்டோடு இரண்டாவது கன்ஸ்ட்ரக்டரை உருவாக்கி அதன் வழியாக அழைத்தது. இஸ்சிந்தெடிக் என்று கேட்டு விலக்குங்கள். ஜாவா 11-இல் நெஸ்ட் என்ற கருத்து ஜேவிஎம்முக்குள்ளேயே வந்துவிட்டதால் இப்போது இந்த ஒட்டுவேலை இல்லை.

கேள்வி: சி ஷார்ப்பில் லிஸ்ட்<இன்ட்> டைப்பில் கெட்நெஸ்டட்டைப்ஸ் அழைத்து எனுமரேட்டரை எடுத்தேன். அதை உருவாக்கப் போனால் ஆர்குமென்ட்எக்ஸெப்ஷன். நான் கேட்டதே இன்ட் லிஸ்ட்டிடம்தானே?

பதில்: கேட்டது இன்ட் லிஸ்ட்டிடம், விடை வந்தது திறந்த, அதாவது டைப் பாராமீட்டர் நிரப்பாத, ஜெனரிக்காக. டாட்நெட்டில் ஜெனரிக் கிளாஸுக்குள் இருக்கும் டைப் வெளி கிளாஸின் டைப் பாராமீட்டர்களையும் தனக்கென்று வைத்துக்கொள்கிறது. கெட்நெஸ்டட்டைப்ஸ் அவற்றை நிரப்பாமலேயே தருகிறது. நீங்கள்தான் மேக்ஜெனரிக்டைப் அழைத்து, வெளி டைப்பின் கெட்ஜெனரிக்ஆர்குமென்ட்ஸை அதற்குக் கொடுத்து மூட வேண்டும்.

உள் டைப்புக்குச் சொந்தமாகவும் ஒரு பாராமீட்டர் இருந்தால் வெளியுடையது முதலில், சொந்தம் பின்னால் என்ற வரிசையில் மொத்தமாகக் கொடுங்கள். எண்ணிக்கையைப் பெயரிலிருந்து எடுக்க வேண்டாம். பெயரில் ` குறிக்குப் பின் வரும் எண் சொந்தப் பாராமீட்டர்களை மட்டுமே சொல்கிறது. எனுமரேட்டரின் பெயரில் எண்ணே கிடையாது, ஆனால் அதன் கெட்ஜெனரிக்ஆர்குமென்ட்ஸ் நீளம் 1. பெயரைச் சரமாகக் கொடுத்துத் தேடும்போதும் எல்லா டைப்களும் கடைசியில் ஒரே சதுர அடைப்புக்குள்தான் வரும், நடுவில் பிரித்து எழுதக்கூடாது.

மேலே போகும்போதும் இதே நிலை. இன்ட் போட்டு மூடிய எனுமரேட்டரிடம் டிக்ளேரிங்டைப் கேட்டாலும் திறந்த லிஸ்ட்தான் கிடைக்கும். அதை லிஸ்ட்<இன்ட்> உடன் சமமா என்று ஒப்பிட்டால் ஃபால்ஸ். இரண்டு பக்கத்தையும் கெட்ஜெனரிக்டைப்டெஃபினிஷனுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: பைத்தானில் உள் கிளாஸ்களை எப்படிப் பட்டியலிடுவது? இன்ஸ்பெக்ட் மாட்யூலின் கெட்மெம்பர்ஸில் சம்பந்தமில்லாத ‘டைப்’ என்ற கிளாஸும் சேர்ந்து வருகிறது.

பதில்: அது __கிளாஸ்__ என்ற அட்ரிபியூட். எல்லாக் கிளாஸுக்கும் உண்டு, அதுவும் ஒரு கிளாஸ் என்பதால் இஸ்கிளாஸ் சல்லடையில் தங்கிவிடுகிறது. பைத்தானைப் பொறுத்தவரை உள் கிளாஸ் என்பது ஓர் அட்ரிபியூட், அவ்வளவுதான். வெளியிலிருந்து கொண்டுவந்து ஒரு பெயரில் வைத்த கிளாஸும் அதே தோற்றத்தில் இருக்கும். பிரித்தறிய, வார்ஸ் ஃபங்ஷன் தரும் பட்டியலிலிருந்து கிளாஸ்களை எடுத்து, __மாட்யூல்__ ஒன்றா, __குவால்நேம்__ ‘கிடங்கு.’ என்று புள்ளியோடு தொடங்குகிறதா என்று பாருங்கள். குவால்நேம் பைத்தான் 3.3 முதல் இருக்கிறது. வார்ஸ் பரம்பரையாக வந்தவற்றைக் காட்டாது, அவையும் வேண்டுமென்றால் __எம்ஆர்ஓ__ வழியே ஒவ்வொன்றாகப் போங்கள்.

உள்ளிருந்து வெளி கிளாஸைக் கேட்க வழி கிடையாது. குவால்நேமைப் புள்ளியில் பிரித்து மாட்யூலிலிருந்து கெட்அட்ர் போட்டு இறங்கலாம், இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்வீர்கள். ஃபங்ஷனுக்குள் எழுதிய கிளாஸில் நடுவே ‘<லோகல்ஸ்>’ வரும், அதைத் தாண்டிப் போக முடியாது. இரட்டை அடிக்கோட்டில் தொடங்கும் ‘__பூட்டு’ கிடங்கில் ‘_கிடங்கு__பூட்டு’ என்று சேமிக்கப்படும், குவால்நேமிலோ பழைய பெயரே இருக்கும். தேடல் அட்ரிபியூட்எரரில் முடியும்.

கேள்வி: என் கணினியில் உள் கிளாஸ் கிடைக்கிறது, வெளியீட்டுப் பதிப்பில் மட்டும் காணாமல் போகிறது.

பதில்: பயன்படாத நிரலை நீக்கிச் சுருக்கும் கருவியைச் சந்தேகியுங்கள். நிரலில் எங்கும் நேரடியாகக் குறிப்பிடாத, சரமாக மட்டும் அழைக்கும் கிளாஸ் அதன் கண்ணுக்குப் பயனற்றது. டாட்நெட்டில் டிரிம்மிங் போட்டிருந்தால், டைப்பை வாங்கும் பாராமீட்டரின்மேல் டைனமிகலிஅக்சஸ்ட்மெம்பர்ஸ் அட்ரிபியூட்டை வைத்துப் பப்ளிக்நெஸ்டட்டைப்ஸ், தேவையானால் நான்பப்ளிக்நெஸ்டட்டைப்ஸ் என்று குறிப்பிடுங்கள். பில்டின்போது வரும் டிரிம் எச்சரிக்கைகளை அணைத்து வைத்திருந்தால் முதலில் அதைத் திறந்துவிடுங்கள், விடை பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.

ஜாவா, ஆண்ட்ராய்டு பக்கத்துச் சுருக்கும் கருவிகளான புரோகார்டு, ஆர்8 என்றால் கிளாஸைக் காப்பாற்றும் கீப் விதி மட்டும் போதாது. வெளி–உள் இணைப்புக் குறிப்பு கிளாஸ் கோப்பில் இன்னர்கிளாசஸ், என்க்ளோசிங்மெத்தட் என்ற இரண்டு அட்ரிபியூட்களில் இருக்கிறது. கீப்அட்ரிபியூட்ஸ் விதியில் அவை இரண்டையும் சேர்க்காவிட்டால் கிளாஸ் பிழைத்திருக்கும், உறவு அறுந்திருக்கும்: ஃபார்நேம் வேலை செய்யும், கெட்டிக்ளேர்ட்கிளாசஸ் காலியாக வரும்.